கட்டுரைக்கு முன் ஒரு குரல்: பன்னாட்டு வணிக ஆய்வைக் கற்க உதவும் உரைகளும் வலையொலிகளும்

மேலாண்மைக் கல்லூரியில் பன்னாட்டு வணிகப் பாடம் நடத்தும் எனக்கு, மாணவர்கள் ஆய்வுக்கட்டுரைகளைக் கண்டு ஒதுங்குவது நெடுநாளாகப் பழகிய சிக்கல். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. முதல் இரண்டு பக்கங்களிலேயே முந்தைய ஆய்வாளர்களின் பெயர்கள் அடைப்புக்குறிகளுக்குள் வரிசைகட்டி நிற்கும்போது, கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதே புதிதாக வருபவருக்குப் புலப்படுவதில்லை. ஆகவே கடந்த மூன்று பருவங்களாக, வகுப்புக்கு முன் ஒரு பதிவுசெய்யப்பட்ட உரையையோ வலையொலியையோ (பாட்காஸ்ட்) கேட்டுவரச் சொல்லி, அதன்பின் கட்டுரையைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். அவ்வாறு பயன்படுத்தியவற்றை இங்கே மதிப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றே: கேட்டு முடித்தவரை அந்தப் பதிவு மூலக் கட்டுரையை நோக்கி நகர்த்துகிறதா?

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, உலகமயமாதலை ஆராயும் பேராசிரியர் பங்கஜ் கெமாவத் 2012-இல் எடின்பரோவில் நடந்த டெட் அரங்கில் ஆற்றிய உரை. சுமார் 17 நிமிடங்களே ஓடும் அந்த உரை, உலகம் எல்லைகளற்று ஒன்றாகிவிட்டது என்று நாம் பேசிப் பழகிய கூற்றை எண்களைக் கொண்டு உரசிப் பார்க்கிறது. அவர் அன்று தந்த கணக்குப்படி, உலகில் பேசப்பட்ட தொலைபேசி நிமிடங்களில் நாடுவிட்டு நாடு சென்றவை 2 விழுக்காடு. இணையவழி அழைப்புகளைச் சேர்த்தாலும் 6 அல்லது 7 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்வோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 விழுக்காடு. மொத்த முதலீட்டில் அந்நிய நேரடி முதலீட்டின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வோர் எண்ணையும் சொல்வதற்கு முன் ஒலிப்பதிவை நிறுத்தி, மாணவர்களைத் தங்கள் ஊகத்தைத் தாளில் எழுதச் சொல்வேன். தொலைபேசிக்கு 40 என்றும் 50 என்றும் எழுதியவர்கள் பலர். தாம் இவ்வளவு தவறாக நினைத்திருந்தோமா என்ற திகைப்பு உண்டான பிறகு, நாட்டு எல்லை ஏன் இன்னமும் வணிகத்தைத் தடுக்கிறது என்ற கேள்வி அவர்களுடைய கேள்வியாகவே ஆகிவிடுகிறது. எந்தப் பாடநூல் அத்தியாயமும் எனக்கு இதைச் செய்து கொடுத்ததில்லை.

அக்கேள்விக்குக் கெமாவத் 2001-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை ஒரு விடை தருகிறது. பண்பாடு, நிர்வாகம், நிலவியல், பொருளாதாரம் என்று நான்கு வகைத் தொலைவுகளை அது வகுக்கிறது. (வகுப்பில் இதை விளக்க நான் எடுப்பது பாக் நீரிணை. கடல் குறுகியது, இரு கரையிலும் தமிழ் உண்டு, இந்தியா–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் எஞ்சி நிற்கும் தொலைவு எது என்று கேட்டால் விவாதம் ஒரு மணிநேரத்தை விழுங்கிவிடும்.) இந்த இடத்தில்தான் காதால் கற்பதன் வரம்பும் தெரிகிறது. பொதுமொழி உள்ள இரு நாடுகளுக்கிடையே வணிகம் மும்மடங்காக இருக்கும் என்று 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. அதே ஆசிரியர் 2007-இல் வெளியிட்ட நூலில் பொதுமொழியால் விளையும் கூடுதல் 42 விழுக்காடு மட்டுமே. தரவும் கணக்கிடும் முறையும் மாறினால் மதிப்பீடு மாறுவது ஆய்வில் இயல்பு. ஆனால் பதிவுசெய்த உரை, பேசப்பட்ட நாளிலேயே நின்றுவிடும். எண்ணைக் காதில் வாங்கியவர், அது எந்த ஆண்டுத் தரவிலிருந்து, எந்தச் சமன்பாட்டிலிருந்து வந்தது என்று அட்டவணையைத் திறந்து பார்க்காதவரை, அதைத் தன் கட்டுரையில் எழுதும் தகுதி பெறவில்லை என்றே நான் மாணவர்களிடம் சொல்கிறேன்.

அட்டவணைவரை கேட்பவரை அழைத்துச் செல்வதில் டிரேட் டாக்ஸ் வலையொலிக்கு இணையாக வேறொன்றை நான் காணவில்லை. வாஷிங்டனிலுள்ள பீட்டர்சன் பன்னாட்டுப் பொருளாதார நிறுவனத்தைச் சேர்ந்த சாட் பவுன், 2017-இல் சௌமயா கெய்ன்ஸ் என்ற பொருளாதார இதழாளருடன் சேர்ந்து இதைத் தொடங்கினார். அமெரிக்க–சீன இறக்குமதி வரி மோதல் மூண்ட 2018-ஆம் ஆண்டில், அன்றாடச் செய்தியாக வந்ததை ஆய்வுக் கேள்வியாக மாற்றிக் காட்டியது இதன் பெருஞ்சிறப்பு. வரியைச் செலுத்துவது ஏற்றுமதி செய்யும் நாடு என்று அரசியல் மேடைகளில் முழங்கப்பட்ட காலத்தில், இறக்குமதி விலைகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வுகள், சுமை ஏறத்தாழ முழுவதும் அமெரிக்க வாங்குவோர் தலையிலேயே விழுந்ததைக் காட்டின. அத்தகைய முடிவுக்கு ஆய்வாளர் எவ்வாறு வந்து சேர்கிறார், எந்தத் தரவு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பவற்றை ஒருவர் தம் வாயாலேயே விளக்கக் கேட்பது, வழிமுறைப் பாடத்தை உயிருள்ளதாக்குகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் பக்கத்திலும் பேசப்பட்ட கட்டுரைகளுக்கான இணைப்புகள் உள்ளன. குறை ஒன்றுண்டு: பார்வை பெரும்பாலும் வாஷிங்டனின் சன்னல் வழியாகவே விரிகிறது. நிறுவனத்தின் உள்ளே முடிவெடுப்பவரைவிட, நாட்டின் வணிகக் கொள்கையே இங்கு மையம். பன்னாட்டு வணிகம் பயில்பவர் இதை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

லண்டனில் தொடங்கப்பட்ட பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம் வெளியிடும் வாக்ஸ்டாக்ஸ், டிம் பிலிப்ஸ் நடத்தும் சுருக்கமான உரையாடல். பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் ஆய்வு என்ற ஒழுங்கு நன்று. வணிகம் தொடர்பானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2015-இல் தொடங்கிய கோல்டு கால் வலையொலியைப் பற்றி எனக்கு இருவேறு எண்ணங்கள் உண்டு. முன்னறிவிப்பின்றி ஒரு மாணவரை எழுப்பிப் பேசச் சொல்லும் அப்பள்ளியின் வகுப்பறை வழக்கமே இதன் பெயர். நிகழ்ச்சியை நடத்தும் பிரையன் கென்னி, நிகழ்வாய்வை (ஒரு நிறுவனம் எதிர்கொண்ட சிக்கலை விவரிக்கும் பாடக்கதை) எழுதிய பேராசிரியரையே அழைத்து, அந்த நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதிலிருந்து தொடங்குகிறார். புதிய நாட்டுக்குள் நுழையும் ஒரு நிறுவனத்தின் தலைவர் எதிர்கொள்ளும் தடுமாற்றத்தை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்க முடியாது. பேச்சின் எழுத்துப்படியும் கிடைப்பதால், ஆங்கில உச்சரிப்பில் தடுமாறும் மாணவர்களுக்குப் பெரிய உதவி. எனினும் நிகழ்வாய்வு என்பது விவாதத்துக்காக எழுதப்படுவது. அது சான்று அன்று. ஒரு நிறுவனத்தின் கதையைக் கேட்டுவிட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் விதியைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிக் கொடுக்கும் மாணவர்களை நான் ஒவ்வொரு பருவத்திலும் திருத்த வேண்டியிருக்கிறது. இதைக் கேட்பவர், இதே சிக்கலைப் பல நிறுவனங்களின் தரவில் ஆராய்ந்த கட்டுரை ஒன்றையாவது உடன் வாசிப்பது கட்டாயம்.

இவை எல்லாவற்றையும் கேட்டாலும் நிரம்பாத ஓர் இடைவெளி உண்டு. பன்னாட்டு நிறுவனம் பற்றிய கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ஸ்டீபன் ஹைமர், 1960-இல் எம்.ஐ.டி.யில் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடு நூலாக அச்சேறியது 1976-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் விபத்தில் இறந்துவிட்டார். உரிமை, இருப்பிடம், உள்வயமாக்கல் (பணியை வெளியாரிடம் விடாமல் நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுதல்) என்னும் மூன்று சாதகங்களை ஒரே சட்டகத்தில் இணைத்த ஜான் டன்னிங் 2009-இல் மறைந்தார். வலையொலிகளில் பேசுபவர்கள் இன்றைய ஆய்வாளர்கள். பேசப்படுவது அண்மைய ஆய்வு. ஆகவே காதை மட்டும் நம்பும் மாணவருக்கு இத்துறை பத்து ஆண்டுகளுக்கு முன்தான் பிறந்தது போன்ற எண்ணம் உருவாகிவிடுகிறது. இந்தக் குறையை நீக்கும் என்று நம்பி, கோட்பாடுகளை விளக்கும் கட்டணப் பதிவு ஒன்றைப் பணம் கட்டி வாங்கினேன். பாடநூல் வரிகளைப் படங்களோடு வாசித்துக் காட்டியதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எந்தக் கட்டுரையின் பெயரும் ஒரு முறைகூட உச்சரிக்கப்படவில்லை. கட்டணமின்றிக் கிடைப்பவை அதைவிடப் பல மடங்கு மேல்.

கேட்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேருந்துப் பயணத்தில் கேட்பவை எனக்கு ஆர்வத்தை ஊட்டின, நினைவில் தங்கவில்லை. மேசையில் அமர்ந்து, பேசுபவர் எழுப்பும் கேள்வி, பயன்படுத்தும் தரவு, தாமே ஒப்புக்கொள்ளும் ஐயம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டபோதுதான் அவை பாடமாயின. அந்த மூன்றாவது, அச்சிட்ட கட்டுரையில் இறுதிப் பகுதியின் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். குரலிலோ, ஒரு தயக்கமாக, விடைக்கு முந்திய சிறு மௌனமாக வெளிப்படையாகவே கேட்கும்.

வரும் பருவத்துக்கு நான் வகுத்துள்ள வரிசை இது: முதல் வாரம் கெமாவத் உரை, இரண்டாம் வாரம் அவருடைய 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை, பிறகு டிரேட் டாக்ஸில் மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஒரு நிகழ்ச்சியும் அதில் குறிப்பிடப்படும் கட்டுரையும். ஐந்தாம் வாரத்துக்கு ஒலி ஏதுமில்லை. ஸ்வீடன் நிறுவனங்கள் படிப்படியாக வெளிநாடுகளுக்குள் கால்வைத்த விதத்திலிருந்து உப்சாலா மாதிரியை உருவாக்கிய யோஹான்சன், வால்னே ஆகியோரின் 1977-ஆம் ஆண்டுக் கட்டுரையை நேரடியாகவே கொடுக்கப் போகிறேன். அது மொத்தம் பத்துப் பக்கம்.