திங்கட்கிழமை என்ன நடக்கும்? கலைத்திட்ட மாதிரிகளை ஒரே கேள்வியால் அளந்து பார்த்தால்

பள்ளிக் கலைத்திட்டத்தைத் திருத்தி எழுத ஒரு குழு கூடினால், முதலில் கிளம்புவது எதைச் சேர்ப்பது என்ற பேச்சுதான். நிரலாக்கம், நிதியறிவு, சூழலியல், ஊடக அறிவு என்று பட்டியல் நீளும். சேர்க்கச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு; எடுக்கச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கமாட்டார். அந்தப் பேச்சு ஓய்ந்த பிறகு மாதிரிகளின் பெயர்கள் வரும்: இலக்கிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல், சுருள் கலைத்திட்டம், தேர்ச்சிக் கற்றல், செயல்திட்டவழிக் கற்றல். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்களும் ஆய்வுகளும் உண்டு. படம் வரைந்து காட்டினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

அதனால் இந்த அலசலில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டல் நடத்தி முடித்தாகிவிட்டது. சோதித்துப் பார்த்தால், வகுப்பில் மூன்றில் ஒரு பங்கினர் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியிருக்கிறார்கள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்டார்கள். இது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. 2/7 என்பது 1/3 ஐ விடச் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு இருந்ததைவிடக் குறைந்துபோனது அந்தப் பிள்ளைகளை உறுத்தவே இல்லை. பின்னம் ஓர் எண் என்பதே அவர்கள் மனத்தில் இன்னும் பதியவில்லை. இந்த நிலையில், அடுத்த திங்கட்கிழமை அந்த வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதிரியும் சொல்கிறது?

பாடநூல் வரிசையும் பின்னோக்கிய திட்டமும்

பெரும்பாலான பள்ளிகளில் உண்மையில் ஆட்சி செய்வது பாடநூலின் பொருளடக்கம்தான். அத்தியாயங்களை மாதங்களால் வகுத்தால் ஆண்டுத் திட்டம் தயார். இதில் ஒரு வசதி இருக்கிறது: புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கூட மறுநாளே வகுப்பெடுக்கலாம். ஆனால் நம் கேள்விக்கு இதன் பதில், திங்கட்கிழமை அடுத்த அத்தியாயம். பின்னங்களின் கழித்தல், பிறகு பெருக்கல். 2/7 எழுதிய பிள்ளைக்கு ஆண்டிறுதித் திருப்புதல் வரை வேறு வழியில்லை.

இதற்கு எதிரே நிற்பது இலக்கிலிருந்து தொடங்கும் முறை. அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949 இல் கலைத்திட்டத்தை நான்கு கேள்விகளாகச் சுருக்கினார்: எந்த நோக்கங்களை அடைய விரும்புகிறோம், எந்தக் கற்றல் அனுபவங்கள் அவற்றை அடையச் செய்யும், அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, அடைந்தோமா என்று எப்படி அறிவது. கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் 1998 இல் அந்த வரிசையைக் கலைத்தார்கள். நோக்கத்துக்கு அடுத்தபடியாகவே மதிப்பீட்டைத் தீர்மானிக்க வேண்டும். பாடங்களைத் திட்டமிடுவது கடைசி வேலை. சின்ன மாற்றம்தான், விளைவு பெரிது. ‘பின்னங்களைக் கூட்டுவர்’ என்று நோக்கம் எழுதினால் பத்துக் கணக்குகளைக் கொடுத்துத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடும். ‘இரு பின்னங்களின் கூடுதல் ஒன்றைவிடப் பெரிதா, சிறிதா என்று கணக்கிடும் முன்பே சொல்லிக் காரணமும் காட்டுவர்’ என்று எழுதிவிட்டால், சோதனையும் மாறும், அதற்குப் போகும் பாடமும் மாறும். 2/7 எழுதும் பிள்ளை முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

இந்த முறையின் நோயும் தெரிந்ததுதான். கற்றல் விளைவுகளின் பட்டியல் பெருகி, ஆசிரியர் அவற்றுக்கு எதிரே குறியிடும் எழுத்தராகிவிடுகிறார். அளக்க எளிதானவை பட்டியலில் நிற்கும், கடினமானவை நழுவிவிடும். பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975 இல் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் வலுவாகத்தான் இருக்கிறது: ஒரு கவிதையைப் படித்து மாணவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், அங்கே நடப்பது கவிதை வாசிப்பே அன்று. இலக்கியத்துக்கும் கலைக்கும் அவர் சொன்னதை ஏற்கிறேன். பின்னங்களுக்கு ஏற்கவில்லை. 1/3 + 1/4 க்கு ஒரு விடைதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னோக்கிய திட்டம் புரியாதவர்களை விரைவில் காட்டிக்கொடுக்கும். அவர்களை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை என்ன செய்வது என்று அதுவும் சொல்வதில்லை. அதற்கு நேரம் வேண்டும். நேரத்தைப் பற்றிய உண்மையான சண்டை அடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையில்தான்.

சுருளா, தேர்ச்சியா?

1957 இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த அதிர்ச்சிக்குப் பின், 1959 இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் என்ற இடத்தில் அறிவியலாளர்களும் உளவியலாளர்களும் கல்வியாளர்களும் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் விவாதத்தை 1960 இல் நூலாக்கிய ஜெரோம் புரூனர், எந்தப் பாடத்தையும் எந்த வயதுக் குழந்தைக்கும் அறிவுநேர்மை குன்றாத ஏதோ ஒரு வடிவில் கற்பிக்க முடியும் என்றார். அதிலிருந்து வந்ததுதான் சுருள் கலைத்திட்டம். அடிப்படைக் கருத்துகள் ஆண்டுதோறும் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஆழம் கூடும். மூன்றாம் வகுப்பில் பாதி, கால் என்று பொருள்களைப் பங்கிடுதல், நான்கில் சமான பின்னங்கள், ஐந்தில் கூட்டல், ஆறில் விகிதம்.

நினைவாற்றலின் இயல்பும் இதற்குச் சாதகம். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885 இல் தம் மறதியைத் தாமே அளந்து காட்டியது முதல், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நீடிக்கும் என்பது மீண்டும் மீண்டும் உறுதியாகியிருக்கிறது.

பிறகு ஏன் சுருள் பல இடங்களில் வட்டமாகிவிடுகிறது? ஒவ்வோர் ஆண்டும் எல்லாத் தலைப்புகளும் வர வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இரண்டு வாரம்தான். முதல் வாரம் போன ஆண்டு பிடிபடாததை மறுபடி நடத்துவதில் போய்விடும். மீதி ஒரு வாரத்தில் புதியது பாதி புரியும். அந்தப் பாதி அடுத்த ஆண்டின் முதல் வாரத்தைத் தின்னும். 1995 ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வான டிம்ஸின் தரவுகளை வைத்து வில்லியம் ஷ்மிட்டும் உடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்கக் கலைத்திட்டத்தை ‘ஒரு மைல் அகலம், ஓர் அங்குல ஆழம்’ என்று வருணித்தது இதைத்தான். முன்னணியில் இருந்த நாடுகள் ஓர் ஆண்டில் எடுத்த தலைப்புகள் குறைவு. சுருள் தத்துவத்தின் மிகப் பெரிய ஆபத்து அது தரும் ஆறுதல்தான்: ‘பரவாயில்லை, அடுத்த ஆண்டு மறுபடி வரும்.’ நம் திங்கட்கிழமைக் கேள்விக்கு அதன் பதில், அடுத்த ஆண்டின் ஒரு திங்கட்கிழமை.

சுருளுக்கு ஆசிரியர் தரப்பிலும் ஒரு விலை உண்டு. பிலிப்பைன்ஸ் 2013 இல் பள்ளிக் கல்வியை மாற்றியமைத்தபோது சுருள் முறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அதுவரை உயர்நிலை அறிவியலில் ஓராண்டு உயிரியல், ஓராண்டு வேதியியல், ஓராண்டு இயற்பியல் என்றிருந்தது. பிறகு ஒவ்வோர் ஆண்டிலும் எல்லாக் கிளைகளும் பகுதி பகுதியாக வந்தன. உயிரியல் படித்த ஆசிரியர் இயற்பியலும் நடத்த வேண்டியதாயிற்று. கருத்துகளை ஆழப்படுத்தத்தான் திரும்பி வருகிறோம் என்றால், ஆழப்படுத்தத் தெரிந்தவர் அங்கே நிற்க வேண்டுமே!

தேர்ச்சிக் கற்றலின் வாதம் நேர்மாறானது. பெஞ்சமின் புளூம் 1968 இல் முன்வைத்தது இது: வழக்கமான வகுப்பில் நேரம் எல்லாருக்கும் ஒன்று, கற்றல்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, கற்றல் எல்லாருக்கும் ஒன்றாக வேண்டுமானால் நேரம் வேறுபட வேண்டும். அலகு முடிந்ததும் ஒரு சிறு வளரறி மதிப்பீடு, அதாவது யாருக்கு எது புரியவில்லை என்று அறிந்து உதவுவதற்கான சோதனை. 80 அல்லது 90 விழுக்காடு என்ற எல்லையைத் தொடாதவர்களுக்கு வேறு வழியில் மறுபடி கற்பித்தல். தொட்டவர்களுக்கு அதே தலைப்பில் கடினமான பணி. அதன் பிறகே அடுத்த அலகு. கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்லும் முதல் மாதிரி இதுதான். திங்கட்கிழமை அந்த மூன்றில் ஒரு பங்கினர் காகிதப் பட்டைகளை மடித்து மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். மற்றவர்கள் கூடுதல் சரியாக ஒன்று வரும்படி மூன்று வெவ்வேறு பின்னங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புளூம் 1984 இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவுகள் மிகையாகவே மேற்கோள் காட்டப்படுகின்றன. தனிப்பயிற்சியும் தேர்ச்சிக் கற்றலும் சேர்ந்தால் சராசரி மாணவர் இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) உயர்வார் என்றார் அவர். பின்னாளைய ஆய்வுகளில் பலன் கிடைத்தது, ஆனால் அந்த அளவில் அன்று. நடைமுறைச் சிக்கல்களும் இருக்கின்றன. தொடக்க மாதங்களில் திட்டம் பின்தங்கும். பாடப்பகுதியை முடிக்கவில்லையே என்ற நச்சரிப்பு மேலிருந்து வரும். எல்லையைத் தொட்ட தலைப்பை அதோடு மறந்துவிடும் பழக்கமும் வரும்: ஜூலையில் தேர்ச்சி, ஜனவரியில் மறதி.

ஷாங்காயின் கணித வகுப்புகளில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். இங்கிலாந்து 2014 முதல் தன் ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தது அதைத்தான். மிகச் சிறு படிகள், வகுப்பு முழுவதும் ஒன்றாக நகர்தல், தடுமாறியவர்களுக்குக் கூடியவரை அன்றைக்கே உதவி. அங்கே திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிடுபவர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்று உண்டு: அங்கே தொடக்க வகுப்புகளிலேயே கணிதத்துக்குத் தனி ஆசிரியர், ஒரு நாளில் அவர் எடுக்கும் பாடவேளைகள் மிகக் குறைவு. மீதி நேரம் திருத்துவதற்கும் தடுமாறியவர்களோடு உட்காருவதற்கும். கற்பிக்கும் முறையை இறக்குமதி செய்துவிட்டு அந்தக் கால அட்டவணையை அங்கேயே விட்டுவந்தால், பெயர்தான் மிஞ்சும்.

இந்த இரண்டில் என் கட்சி வெளிப்படையானது. ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பாடங்களில், அதாவது தொடக்க வாசிப்பிலும் கணிதத்திலும், தேர்ச்சியைத்தான் எடுப்பேன். எடுத்துவிட்டு, சுருளிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்குவேன்: ஒவ்வொரு வாரமும் பழைய அலகுகளிலிருந்து நாலைந்து கணக்குகள், முன்னறிவிப்பு இல்லாமல், கலந்து. வரலாற்றிலும் அறிவியலின் பெருங்கருத்துகளிலும் சுருளே பொருத்தம். பரிணாமத்தை ஒரே ஆண்டில் ‘முடித்துவிட’ முடியாது.

தனிப் பாடங்களும் கருப்பொருளும்

வில்லியம் கில்பாட்ரிக் 1918 இல் செயல்திட்ட முறையை எழுதிய காலத்திலிருந்து, பாடங்களைத் தனித்தனியே நடத்துவதா, ஒரு கருப்பொருளில் கலப்பதா என்ற விவாதம் ஓய்ந்ததில்லை. ‘நீர்’ என்ற கருப்பொருளில் அறிவியலும் கணிதமும் மொழியும் கலந்து வருவது பார்க்க அழகுதான், ஆர்வமும் கூடும். ஆனால் குழுச் செயல்திட்டத்தில் 2/7 எழுதும் பிள்ளை ஒளிந்துகொள்ள இடம் தாராளம். கணக்குப் பகுதியைத் தெரிந்த தோழி செய்துவிடுவாள். இவன் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவான். ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண். திங்கட்கிழமை எதுவும் நடக்காது. பிரச்சினை இருப்பதே யாருக்கும் தெரியாதே!

பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006 இல் வாதிட்டது போல, புதிதாகக் கற்பவர்களைக் குறைந்த வழிகாட்டுதலோடு விட்டால் பணிநினைவின் (ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் நினைவின்) சுமையிலேயே அவர்கள் தடுமாறுவார்கள். வாசிப்புத் திறன் என்று பொதுவாகச் சொல்வதுகூடப் பொருளறிவில் சாய்ந்து நிற்கிறது. 1988 இல் டோனா ரெக்டும் லாரன் லெஸ்லியும் நடத்திய சோதனையில், பேஸ்பால் தெரிந்த ‘வாசிப்பில் பின்தங்கிய’ மாணவர்கள், அந்த ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்’களைவிட ஓர் ஆட்ட வருணனையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே செயல்திட்டம் அலகின் கடைசியில் வரட்டும், கற்றதைப் பயன்படுத்தும் இடமாக. பின்லாந்து பாடங்களையே ஒழித்துவிட்டது என்று ஒரு செய்தி சுற்றியது; அது உண்மையன்று. 2016 இல் நடைமுறைக்கு வந்த அதன் கலைத்திட்டம் கேட்டது ஆண்டுக்குக் குறைந்தது ஒரு பல்பாடக் கற்றல் தொகுதி. பாடங்கள் அப்படியே இருக்கின்றன.

யார் எழுதுவது?

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை என்பது என் எண்ணம். மேலிருந்து வரும் திட்டம் சமச்சீராக இருக்கும்; ஆனால் இந்த வகுப்பின் மூன்றில் ஒரு பங்கினரை அதற்குத் தெரியாது. ஹில்டா டாபா 1962 இல் சொன்னதுபோல ஆசிரியர்களே அலகுகளிலிருந்து கட்டி எழுப்பினால் அந்தப் பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியும்; ஆனால் நான்காம் வகுப்பு ஆசிரியர் விட்டுவைத்ததை ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் அறியமாட்டார். வரிசையும் இலக்கும் பொதுவாக, பாடமும் வேகமும் ஆசிரியர் கையில் என்று பிரித்தால் இரண்டிலும் நல்லது கிடைக்கும். ஒரு நிபந்தனை: இறுதித் தேர்வும் அதே திசையில் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து 2010 இல் தொடங்கிய கலைத்திட்டத்தை 2021 இல் ஆராய்ந்த ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) சுட்டிய முக்கியச் சிக்கல், மேல்வகுப்புகளின் தேர்வுமுறை அந்தக் கலைத்திட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தவில்லை என்பது. தேர்வு பழைய திசையில் இழுத்தால் ஆசிரியரும் மாணவரும் அதன் பின்னால்தான் போவார்கள்.

நேரம் எங்கிருந்து வரும்?

தேர்ச்சியைத் தேர்ந்தெடுத்தால் உள்ளடக்கத்தைக் குறைக்க வேண்டும். இங்கேதான் இரண்டு எச்சரிக்கைகள் எதிரெதிரே நிற்கின்றன. லேண்ட் பிரிட்செட்டும் அமண்டா பீட்டியும் 2012 இல் காட்டியது, கலைத்திட்டம் பிள்ளைகளின் கற்றல் வேகத்தை விஞ்சி ஓடினால் பின்தங்கியவர்கள் நிரந்தரமாகவே நின்றுவிடுகிறார்கள் என்பது. ஜப்பானோ 2002 இல் உள்ளடக்கத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு வெட்டியது. தரம் விழுகிறது என்ற எதிர்ப்பு கிளம்ப, 2008 இன் திருத்தத்தில் மறுபடி கூட்டியது.

எல்லாப் பாடத்திலும் சமமாக வெட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பின்னால் எதுவும் சாய்ந்து நிற்காத தலைப்புகளை முதலில் எடுக்கலாம். ரோமன் எண்களை எடுத்துவிட்டால் எட்டாம் வகுப்பில் எதுவும் இடியாது. பின்னங்களை அவசரமாகக் கடந்தால் விகிதமும் சதவீதமும் இயற்கணிதமும் சேர்ந்தே ஆடும். அப்படி மீளும் பாடவேளைகளைப் புதுத் தலைப்புக்குக் கொடுக்காமல், ஒவ்வோர் அலகின் கடைசியிலும் இரண்டு மூன்றாக வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். ஆண்டுத் திட்டத்தில் அந்தக் கட்டங்கள் காலியாகவே அச்சாகட்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி ‘இது என்ன, திட்டமிடவில்லையா?’ என்று கேட்பார். வளரறி மதிப்பீடு முடிந்த பிறகுதான் அதில் என்ன எழுதுவது என்று தெரியும் என்பதை அவருக்கு விளக்கும் வேலை தலைமையாசிரியருடையது.