சின்னக் கைக்கு யமகா சிஜிஎஸ்103ஏ: 580 மி.மீ. கிற்றார் எப்படி?

கிற்றார் பழகப் போகும் பிள்ளைக்கு அனேகமாக முதலில் வாங்கிக் கொடுப்பது யமகா சி40 அல்லது எஃப்310. சி40இன் அதிரும் தந்தி நீளம் 650 மி.மீ., எஃப்310இல் 634. விரல் குட்டையான பிள்ளை எஃப் கோட் (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடி) பிடிக்கப் போய், மணிக்கட்டு நொந்து, "எனக்கு வராது" என்று மூலையில் சாத்திவிடுகிறது. பிழை பிள்ளையில் இல்லை, அளவில்.

சிஜிஎஸ்103ஏ 580 மி.மீ. தந்தி நீளமுள்ள நைலோன் தந்திக் கிற்றார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் பிரெட். முதலாம் பிரெட்டுக்கும் நாலாம் பிரெட்டுக்கும் இடையே சி40இல் 98 மி.மீ. வரும், இதில் 87. சுண்டுவிரலுக்கு அந்த 11 மி.மீ. பெரிய உதவி. வளர்ந்த ஆட்களிலும் கை சிறியவர்கள் கூச்சப்படாமல் வாங்கலாம்.

வாங்குமுன் கடையிலேயே சோதியுங்கள். சி40 ஒன்றை எடுத்து இரண்டாம் பிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் மிச்ச நீளம் 579 மி.மீ. அதில் சி, ஜி, எஃப் மூன்றையும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். கை நீட்டம் இலகுவானால் 580 உங்களுக்குச் சரி. அப்போதும் விரல் பக்கத்துத் தந்தியில் முட்டினாலோ ஆறாம் தந்தியை எட்டாவிட்டாலோ, கவனிக்க வேண்டியது கழுத்தின் அகலம். சி40இன் நட் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் துண்டு) அகலம் 52 மி.மீ., எஃப்310இல் 43.

பழைய கிற்றார் என்றால், தந்தி நீளம் அறிய நட்டிலிருந்து 12ஆம் பிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உடற்பக்கம் தந்திகளைத் தாங்கும் சடில் வரை நேரே அளக்க வேண்டாம். சுருதிக்காக அதைச் சற்றுப் பின்தள்ளி வைத்திருப்பார்கள், கணக்குப் பிசகும்.

குறையும் உண்டு. சி40ஐவிட 580இல், அதே சுருதியில் அதே தந்தியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆறாம் தந்தி தொய்ந்து, பலமாக அடித்தால் பிரெட்டில் பட்டு இரையும். 'ஹார்ட் டென்ஷன்' (இழுவிசை கூடிய) நைலோன் செட் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். உடல் சிறியது, ஆதலால் அடித்தொனி மெலிவு. கோயில் பாடகர் குழுவுக்கு மைக் தேவை.

எஃப் மட்டும் வரவில்லையென்றால் நட்டைப் பாருங்கள். தந்தியை மூன்றாம் பிரெட்டில் அழுத்திப் பிடித்தபடி, முதலாம் பிரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் காட்டை நுழையுங்கள். தந்தியை உயர்த்தாமல் அது தாராளமாகப் போனால் நட்டின் பள்ளம் உயரம். தெரிந்தவரிடம் அராவக் கொடுங்கள். அளவுக்குச் சற்று மீறி அராவினால் புது நட்தான் போட வேண்டும்.

மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடாப் பக்கம் மாரியில் பலகை ஈரம் குடித்து மேற்பலகை உப்பும், தந்தி உயரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

இதைவிடச் சிறிய சிஜிஎஸ்102ஏ, 535 மி.மீ., சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே. பெரியவர்களுக்கு ஏ கோட்டின் மூன்று விரலும் ஒரே பிரெட் இடைவெளிக்குள் இலகுவில் அடங்காது.