15 வயது ஐ10: கம்பெனியின் பெயரைச் சுமக்கும் சின்ன கார்

எங்கள் ஹூண்டாய் ஐ10-க்கு 15 வருடம் முடிந்து, ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. 2010 மாடல், 1.2 லிட்டர் ‘கப்பா’ வகை பெட்ரோல் இஞ்சின், ‘மேக்னா’ என்ற வேரியன்ட். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. "இன்னும் இதையா ஓட்டுறீங்க? ஒரு எஸ்யூவி எடுக்கலாமே மேடம்" என்று வேலை செய்யும் இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எடுக்கிற எண்ணம் இல்லை. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் உட்காரும் வசதி. என் மாமியாருக்கு முழங்கால் வலி. தாழ்வான செடானில் ஏறினால் குனிந்து உள்ளே சரிய வேண்டும், இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். ஐ10-ல் சீட் அவர் இடுப்பு உயரத்துக்கு வருகிறது. புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே எடுத்துக்கொள்கிறார். யார் உதவியும் வேண்டாம். இந்தியாவில் ஹூண்டாயின் முதல் காரான சான்ட்ரோவை உயரமாகக் கட்டியதில் தொடங்கிய யோசனை இது. கியர் லீவரையும் தரையில் வைக்காமல் டாஷ்போர்டின் அடியிலேயே வைத்துவிட்டதால் முன் சீட்டுகளுக்கு நடுவே ஒரு கைப்பை தாராளமாக நிற்கும்.

நீளம் 3.56 மீட்டர்தான். மெட்ரோ வேலைக்காக ஆற்காடு ரோட்டைத் தடுப்பு வைத்துச் சுருக்கியிருந்த வருடங்களில் இதன் அருமை தெரிந்தது. எங்கள் தெருவில் இரண்டு பைக்குகளுக்கு நடுவே கிடைக்கிற இடத்திலும் நிறுத்திவிடலாம். டிக்கி 225 லிட்டர். ஊருக்குப் போகும்போது இரண்டு பெரிய பெட்டி வைத்தால் முடிந்தது, அரிசி மூட்டையைக் காலடியில்தான் வைக்க வேண்டும். ஏசி போட்டுச் சென்னைக்குள் ஓட்டினால் லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்குப் பக்கமாகக் கொடுக்கிறது. சுமார்தான்.

இஞ்சின்தான் இந்த வண்டியின் உயிர். அலுமினியத்தில் வார்த்த 1197 சிசி, 80 குதிரைத்திறன். இஞ்சின் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால், இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்று என்ற செலவே கிடையாது. சாலிகிராமத்தில் எங்கள் மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, "அக்கா, செயின் சத்தம் கேக்குதா பாருங்க? ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்திக்கிட்டே இருங்க, இதுல கை வைக்க வேணாம்" என்பார். அதைத்தான் செய்து வருகிறோம். மாற்றியதெல்லாம் கிளட்ச் பிளேட், பேட்டரி, டயர், பிரேக் ஷூ, அப்புறம் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் அதிர்ச்சியை வாங்கும் ரப்பர் பாகம்). சென்னை ரோட்டில் புஷ் தேயாத வண்டியே இல்லை.

புஷ் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரகடம் பக்கம் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். வாரண்டி காலத்துக்குள் தேய்ந்து திரும்பி வரும் ஒரு பாகம் எங்கள் மேஜைக்கு வரும்போது, அதில் ஒரு டேக் தொங்கும்: சேசிஸ் நம்பர், ஓடிய தூரம், கஸ்டமர் சொன்ன குறை. பிறகு எந்த பேட்சில் (ஒரே தடவையில் செய்த தொகுதி), எந்த ஷிஃப்டில் செய்தது, ரப்பரின் கடினம் எவ்வளவு என்று தோண்டிக்கொண்டே போக வேண்டும். பாகத்தின் விலையை விட அதற்காகச் செலவாகும் நேரம் அதிகம். சின்ன காரில் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. இரண்டு முறை இலவசமாக ரிப்பேர் செய்தால் அந்த லாபம் போயே போய்விடும். அதனால் பழுதில்லாத சின்ன காரைச் செய்வதுதான் ஒரு கம்பெனிக்கு உண்மையான பரீட்சை என்று நினைக்கிறேன்.

ஹூண்டாய் இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 1986-ல் எக்ஸெல் என்ற மலிவான சின்ன காரோடு அமெரிக்காவுக்குள் போனது. முதல் வருடமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் தரம் நிற்கவில்லை, பெயர் கெட்டது. அதை மீட்க 1999 மாடல்களில் இருந்து இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான், 1998 செப்டம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து சான்ட்ரோ வந்தது. அப்போது இந்தியாவில் ஹூண்டாய் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. மாருதி 800 கார்புரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ இஞ்சினோடு வந்தார்கள். அந்த முதல் காரே வழியில் நின்றிருந்தால் இரண்டாவது கார் விற்றிருக்காது. ஓடியது. 2007-ல் ஐ10 வந்தது. 2008-ல் இரண்டாவது தொழிற்சாலை, இங்கிருந்தே ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி. எங்களைப் போன்ற எத்தனையோ சின்ன கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் முளைத்ததும் அதைத் தொட்டுத்தான்.

1197 சிசி என்ற அளவும் கணக்கு போட்டு வைத்தது. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் இஞ்சின் என்றால் கலால் வரி 24-ல் இருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனதும் அதே எல்லையை வைத்துத்தான். அந்த 1.2 கப்பா குடும்பத்து இஞ்சினையே மெருகேற்றி கிராண்ட் ஐ10 நியாஸ், ஐ20, எக்ஸ்டர், வென்யூ வரை போட்டார்கள். எங்கள் வண்டி போன்ற சின்ன வண்டிகள் ட்ராஃபிக்கில் வெந்து நிரூபித்ததால்தான் அவ்வளவு வண்டிகளிலும் தைரியமாகப் போட முடிந்தது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஹூண்டாயின் எஸ்யூவியான க்ரெட்டா வைத்திருக்கும் மூன்று குடும்பத்தில் இரண்டு பேர் சான்ட்ரோவில் தொடங்கியவர்கள். இன்று எஸ்யூவியில்தான் லாபம் என்று எல்லாக் கம்பெனிகளும் அந்தப் பக்கமே போகின்றன. முதல் கார் வாங்கும் குடும்பம் எங்கே போகும்? இது எனக்குக் கவலை தருகிற விஷயம்.

ஒரு பெரிய குறையை மறைக்கக் கூடாது. எங்கள் மாடலில் ஏர்பேக் இல்லை. 2014-ல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த ஏர்பேக் இல்லாத ஐ10-க்கு, பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில்தான் எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று கம்பெனி அறிவித்தது. சின்ன கார் வாங்குபவரின் உயிரும் அதே உயிர்தான், இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். அதனால் வெளியூர் நெடுஞ்சாலைக்கு இந்த வண்டியை எடுப்பதை நாங்கள் குறைத்துவிட்டோம்.

பழைய ஐ10 வாங்க நினைப்பவர்கள் கப்பா இஞ்சின், ஏர்பேக் உள்ள ‘ஆஸ்டா’ வேரியன்ட் கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்பேருக்குப் பஞ்சமில்லை, ஜி.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியிலும் துரு இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். இருந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.