இலக்குக் குறிப்பேடு: பன்னிரண்டு வாரம் எழுதிப் பார்த்தபின்

சிறுவர்கள் தங்களுக்கென ஓர் இலக்கை வைத்துக்கொண்டு அதை எட்டப் பழகுவதற்காகப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிரித்து அச்சிடப்பட்ட இந்தக் குறிப்பேட்டை என் ஒன்பது வயது மகள் கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்துவிட்டாள்.

'நான் அடைய விரும்புவது' என்ற தலைப்பின்கீழ் அவள் முதலில் எழுதியது, 'கணக்கில் முதல் மதிப்பெண்'. அது எங்கள் முகத்தைப் பார்த்து எழுதியது. அடுத்த பக்கத்தில் 'இது யாருடைய ஆசை?' என்று குறிப்பேடு கேட்டதும், பென்சிலைக் கடித்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தவள், அதை அழித்துவிட்டு, 'ஸ்கிப்பிங் நிற்காமல் 50' என்று எழுதினாள். அழித்த இடத்தில் தாள் கிழிந்தது. அடிக்கடி அழித்தெழுத வேண்டிய ஏட்டுக்கு இவ்வளவு மெல்லிய தாள் பொருந்தாது.

குறிப்பேட்டின் உண்மையான பலம் 'இந்த வாரப் பங்கு' என்ற கட்டத்தில் இருக்கிறது. உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டுராவும் டேல் ஷங்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் பின்தங்கிய சிறுவர்களுக்குக் கழித்தல் பயிற்சியாக 42 பக்கங்களைக் கொடுத்து, ஒரு பிரிவினரை அமர்வுக்கு 6 பக்கம் என்றும், இன்னொரு பிரிவினரை 7 அமர்வுகளுக்குள் மொத்தத்தையும் என்றும் இலக்கு வைக்கச் சொன்னபோது, பங்கு பிரித்துக்கொண்டவர்களே திறமையிலும் தன்னம்பிக்கையிலும் மேலே நின்றனர். குறிப்பேடு அந்த வழியில்தான் நடக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது 'எது தடுத்தது?' என்ற பக்கம். மூன்றாம் வாரம் 14ஐத் தாண்ட முடியாமல் நின்றபோது, 'கயிறு நீளம், தரையில் மடிந்து காலில் மாட்டுகிறது' என்று அவள் எழுதினாள். கைப்பிடிக்கு அருகில் ஒரு முடிச்சுப் போட்டோம். அந்த வார இறுதியிலேயே 23 வந்தது. அதற்கு முந்தைய பத்து நாளும் 'இன்னும் கவனமாகக் குதி' என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டது அவளுடைய பெருந்தன்மை.

நட்சத்திர ஸ்டிக்கர்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லிப் படம் வரையச் செய்த மழலையர், பின்னர் தாமாக வரைவதில் குறைந்த நாட்டமே காட்டினர் என்று உளவியலாளர் மார்க் லெப்பரும் உடனாய்வாளர்களும் 1973இலேயே காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு: பங்கை எட்டினால் நட்சத்திரம் என்றதும், 23 குதித்தவள் அடுத்த வாரப் பங்காக 24 என்று எழுதினாள்! ஸ்டிக்கர் தாளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டோம். அதற்கடுத்த வாரம் அவளே 30 என்று எழுதினாள். நாள்தோறும் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய கட்டத்தையும் வெறுமையாகவே விட்டோம், ஏனெனில் கையொப்பம் விழுந்தால் அது வீட்டுப்பாடமாகிவிடுகிறது.

ஆறு வயதிலிருந்து பயன்படுத்தலாம் என்று அட்டையில் இருக்கிறது. எழுத வேண்டிய அளவைப் பார்த்தால் எட்டுக்குக் கீழ் வாங்க வேண்டாம். மற்றபடி, ஸ்டிக்கரையும் கையொப்பக் கட்டத்தையும் ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்த ஆயத்தமாக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

கடைசிப் பக்கத்தில் 'எட்டினேன்', 'எட்டவில்லை' என இரண்டே கட்டங்கள்தாம் உள்ளன. பன்னிரண்டாம் வார முடிவில் அவள் 47இல் நின்றிருந்தாள். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒன்றை வரைந்து, அதற்குள் 47 என்று எழுதி வைத்திருக்கிறாள்.