பழைய கேரவன் இரண்டரை ஆண்டு, நாங்களே கட்டிய வேன் மூன்றரை ஆண்டு

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. 2018 ஆவணியில், உள்ளேயே படுத்துச் சமைக்கும் வசதியுள்ள பழைய மோட்டார் ஹோம் (கேரவன்) ஒன்றை வாங்கி 2021 தொடக்கம் வரை வைத்திருந்தோம். அதை விற்ற பிறகு, தனியார் பயன்பாட்டில் இருந்த ஒரு டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே எங்கள் தேவைக்கேற்ப அமைத்து, 2022 மே மாதத்திலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், சில பயணங்களில் என் மாமனார் என்று இரண்டு வண்டிகளிலும் படுத்து, சமைத்து, மழையில் நனைந்து, வழியில் நின்று பார்த்த பிறகு எழுதுகிறேன். வாங்குவதா, கட்டுவதா என்று யோசிப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என நம்புகிறேன்.

நம் நாட்டில் பழைய மோட்டார் ஹோமுக்கென்று ஒரு சந்தையே இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் இந்த வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே இவ்வகையாக வெளிவருகின்றன. பழையதை வாங்குபவர் ஈரத்தை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு சுவர் சுவராகத் தொட்டுப் பார்க்கிறார். இங்கே விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகைதான்: திரைப்படப் படப்பிடிப்புக்கு ஓடிய கேரவன், அல்லது சுற்றுலா வாடகைக்கு ஓடி ஓய்ந்த வண்டி. படப்பிடிப்புக் கேரவனில் ஒப்பனைக் கண்ணாடியும், பெரிய ஏ.சி.யும், ஜெனரேட்டரும் இருக்கும். குடும்பம் உட்கார்ந்து சோறு உண்ண இடம் இருக்காது. நாங்கள் வாங்கியது இரண்டாம் வகை. ஆனாலும் பொள்ளாச்சி, கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கே நிறுத்தினாலும், "ஏனுங்க, யாரு நடிக்கற படமுங்க?" என்று கேட்டுக்கொண்டு நான்கு பேர் வந்து நிற்பார்கள். இல்லை என்று சொன்னாலும் பாதிப் பேர் நம்பவில்லை.

அந்த வண்டியின் விலை எட்டே முக்கால் லட்சம். வேறு மாநிலப் பதிவு என்பதால் தடையில்லாச் சான்று பெற்று, இங்கே மறுபடி வரி கட்டி, நம் எண்ணுக்கு மாற்றுவதற்கே ஐந்து மாதங்கள் ஆயின. பதிவுச் சான்றில் அது "ஆம்னி பஸ், பிரைவேட் யூஸ்" என்றும் பதின்மூன்று இருக்கை என்றும் இருந்தது. உள்ளே இருந்ததோ ஐந்து இருக்கையும் இரண்டு படுக்கையும். வாங்கும் அவசரத்தில் இதை நான் பெரிதாக எண்ணவில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது ஆய்வுக்கு வந்தவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, காகிதத்தில் உள்ள வண்டியும் கண்முன் நிற்கும் வண்டியும் ஒன்றல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு வழிக்கும் இதுவே முதல் வாசற்படி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. மோட்டார் கேரவன் என்பதற்குத் தனி வகையும், அதற்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கின்றன. ஆகவே அந்த வகையிலேயே பதிவான வண்டி கிடைத்தால் கூடுதலாக ஒன்றிரண்டு லட்சம் கொடுத்தாவது அதை வாங்குவது நல்லது. கட்ட நினைப்பவர் முதல் துளை போடும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கூரையை வெட்டி உயர்த்துவது, பக்கத் தகட்டில் புதிய சன்னல் திறப்பது போன்றவற்றை நாங்கள் தொடவே இல்லை. இருக்கைகளைக் குறைத்து, அந்தக் குறைப்பை ஆய்வாளர் பார்த்துப் பதிவுச் சான்றில் ஏற்றிய பிறகுதான் மர வேலையைத் தொடங்கினோம். இதற்கு மட்டும் மூன்று மாதங்கள் காத்திருந்தோம்.

இனி பழைய வண்டியின் உள்ளே. முதல் ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. கொடிவேரி, அமராவதி அணை, வால்பாறை என்று போய் வந்தோம். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் கூரை ஏ.சி.யின் ஓரத்திலிருந்து ஒரு கோடு போல நீர் இறங்கியது. வெளியே சிலிக்கான் பூசி அடைத்தேன். அடுத்த மழையில் வேறு இடத்தில் இறங்கியது. கடைசியில் ஓரப் பலகையைக் கழற்றியபோது, படுக்கைக்கு மேலே இருந்த ஒட்டுப்பலகை முழுவதும் ஊறி, விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருந்தது. ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 தரப் பலகையைப் போட வேண்டிய இடத்தில், வீட்டு அலமாரிக்குப் போடும் சாதாரணப் பலகையைப் போட்டு, மேலே பளபளப்பான மைக்கா ஒட்டி மறைத்திருந்தார்கள். வெப்பத்தைத் தடுக்க உள்ளே வைத்த கண்ணாடிப் பஞ்சு, ஓட்டத்தின் குலுக்கலில் கீழே இறங்கிச் சுவரின் அடியில் ஈரக் கட்டியாகக் கிடந்தது. அதற்கு மேலே வெறும் தகடு. சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே 46 டிகிரி காட்டியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மின்சார வேலை இன்னும் மோசம். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பியையே மின்கலத்தில் ஓடும் 12 வோல்ட் பகுதிக்கும் இழுத்திருந்தார்கள். வீட்டில் 230 வோல்ட்டில் இந்தக் கம்பி போதும். 12 வோல்ட்டில், ஆறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கருவி 10 ஆம்பியர் இழுத்தால், போக வரக் கம்பியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கரைந்துவிடும். குளிர்பெட்டி நள்ளிரவில் தானாக நின்றதற்கு மின்கலத்தைக் குறை சொல்லி இரண்டு முறை மாற்றினேன். குறை கம்பியில் இருந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஈரோட்டில் ஒரு வயதான எலக்ட்ரீசியன் அரை நாள் பார்த்துவிட்டு, "இதை ரிப்பேர் பண்றதுக்குப் புதுசாவே இழுத்துப்போடலாமுங்க, உள்ள என்ன இருக்குன்னே தெரியலீங்களே" என்றார். எரிவாயுவைப் பற்றிச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது: 14.2 கிலோ உருளை படுக்கைக்கு அடியில், காற்றுப்போக்கி இல்லாத பெட்டியில் இருந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதன்மேல் நாங்கள் ஆறு மாதம் தூங்கியிருக்கிறோம்.

ஓட்டும்போதும் தொல்லைதான். தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருந்ததால், 150 லிட்டர் நிரப்பியவுடன் முன்பக்கம் இலேசாகி, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங் பிடி கொடுக்கவில்லை. ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலை போகும்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பக்கவாட்டில் அடித்தால், கூரைமேல் ஏ.சி.யும் பெட்டியுமாக உயர்ந்து நின்ற அந்த வண்டி ஒரு கை அகலம் நகரும். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை என்பதை உடம்பால் அறிந்தோம்.

இரண்டரை ஆண்டில் பழுதுகளுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் செலவாகியிருந்தது. ஊரடங்கில் நின்றே கிடந்ததில் மின்கலமும் டயரும் போயின; அதை வண்டியின் குறையாகக் கணக்கிடவில்லை. குறைகளையெல்லாம் சொல்லியே ஆறரை லட்சத்துக்கு விற்றேன்.

அடுத்ததைக் கட்டியே ஆவது என்று முடிவெடுக்கக் காரணம் பணம் அல்ல. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத வண்டியை ஏன் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம்தான். கரூரில் பஸ்ஸுக்கும், நாமக்கல், திருச்செங்கோட்டில் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் கூண்டு கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. கோவையில் எந்த அளவுக்கும் பித்தளை இணைப்பு கடைந்து தரும் லேத் பட்டறை இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் ஒருவரே தன் வீட்டு முற்றத்தில் ஸ்பிரிண்டர், டுகாட்டோ போன்ற ஐரோப்பிய வேனை அறுத்துக் கட்டுவதைப் பார்த்து நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. இங்கே "நாமே கட்டுவது" என்றால் பட்டறையில் கூடவே நிற்பது. வெல்டிங்கும் தகட்டு வேலையும் அவர்கள் செய்தார்கள்; மின்சாரமும் தண்ணீரும் நானும் மகளும் செய்தோம்.

நான்கு மாதம் என்று நினைத்தது பதினோரு மாதம் ஆயிற்று. பள்ளி திறக்கும் முன் பள்ளிப் பேருந்துகளுக்கு ஆய்வு வருவதால், கோடையில் பட்டறைக்காரர்கள் நம் வண்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அது அவர்களுடைய அறுவடைக் காலம். வண்டி 2016 மாடல், ஏழு லட்சத்து இருபதாயிரம்; உள்வேலை ஆறு லட்சத்துப் பத்தாயிரம். ஆக, பழைய வண்டியை வாங்கிப் பழுது பார்த்த செலவைவிட இது ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம். சொந்தமாகக் கட்டினால் மலிவு என்று சொல்பவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டுமல்ல, வாங்கித் தவறாக அறுத்த பலகைகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தவறுகள் இந்த வண்டியிலும் உண்டு. அவை என்னுடையவை என்பதுதான் வேறுபாடு. படுக்கையைக் குறுக்காகப் போட்டேன். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே அளந்தேனே தவிர, ரப்பர் நுரையும் பலகையும் ஏறிய பின் இருபுறமும் சேர்த்து மூன்று அங்குலம் குறையும் என்பதை மறந்தேன். ஐந்தடி ஒன்பது அங்குலமுள்ள நான் மூன்றரை ஆண்டாகக் காலை மடக்கியே தூங்குகிறேன். மாமனார் நீட்டிப் படுக்கிறார். பாத்திர இழுப்பறைக்குக் கொக்கி வைக்காததால், ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் நாற்பது வளைவுகளில் பத்தாவதிலேயே எவர்சில்வர் முழுவதும் தரைக்கு வந்தது. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு துண்டு வைக்கும் பழக்கத்தை மனைவிதான் கொண்டுவந்தாள். சத்தம் அடியோடு நின்றது.

நன்றாக அமைந்தவற்றில் முதலாவது எடை. வேலை தொடங்கும் முன்பும், பாதியிலும், முடிந்த பிறகும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம்; முன் அச்சை மட்டும் தனியாக ஒரு முறை. 90 லிட்டர் தொட்டி பின் அச்சுக்கு முன்னால் தரையோடு இருக்கிறது. கூரையில் இரண்டு சூரிய மின் தகடுகளைத் தவிர எதுவுமில்லை. அவற்றையும் ஏற்கெனவே இருந்த சாமான் கம்பிகளில் பொருத்தியதால் கூரையில் ஒரு துளையும் இல்லை. மின்கலம் 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், இரண்டரை யூனிட். குளிர்பெட்டி, மூன்று விளக்கு, இரண்டு விசிறி, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றுக்கு மேகமூட்டமான ஒரு நாளைத் தாண்டுகிறது. இரவு முழுதும் ஒரு டன் ஏ.சி. ஓட்ட மூன்றரை யூனிட்டாவது வேண்டும் என்பதால் ஏ.சி.யே வேண்டாம் என்றேன். இது குறித்து வீட்டில் இன்றும் உடன்பாடு இல்லை. சுவரில் மூடிய நுரை ரப்பர், கூரைக்கு வெள்ளைப் பூச்சு ஆகியவற்றால் அதே சித்திரைப் பிற்பகலில் உள்ளே 39 டிகிரிதான். ஆனால் 39 டிகிரியும் வெயில்தான் என்பது மனைவியின் வாதம். சித்திரையில் நாங்கள் சமவெளியில் தங்குவதில்லை.

தங்குமிடம் பற்றி ஒன்று. வெளிநாட்டைப் போலக் கழிவை இறக்கும் இடங்கள் நம்மிடம் பரவலாக இல்லை. பழைய வண்டியின் நிலையான கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வது ஒவ்வொரு முறையும் தலைக்குனிவாக இருந்தது. இப்போது இருப்பது 20 லிட்டர் தூக்குக் கழிப்பறை, இரவு அவசரத்துக்கு மட்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்ச் சந்தைக்குப் போகும்போது தெரிந்தவர் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) நிறுத்துவோம். மின் இணைப்பு எடுத்தால் வீட்டு மீட்டரிலிருந்துதான். விவசாயத்துக்கு இலவசமாக வரும் மோட்டார் கொட்டகை மின்சாரத்தில் செருகுவது முறையில்லை, தோட்டக்காரருக்கும் அது வம்பு.

எரிபொருளில் பழையது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், இது ஒன்பதரை.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது கேட்டால், எல்லோரையும் கட்டச் சொல்ல மாட்டேன். அடுத்த விடுமுறைக்கே புறப்பட வேண்டும் என்பவரும், பட்டறையில் வாரம் இரண்டு நாள் நிற்க முடியாதவரும் பழையதையே வாங்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் பதிவுச் சான்றின் வகையையும் இருக்கை எண்ணிக்கையையும் பார்த்து, ஒரு மழை நாளில் வண்டிக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, படுக்கைக்கு மேலுள்ள ஓரப் பலகை ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். கழற்ற மறுத்தால் வாங்க வேண்டாம். எங்கள் பழைய வண்டியை வாங்கியவர் சென்ற மாதம்கூட அழைத்து, சமையல் மேடைக்குப் பின்னால் வரும் நீலக் கம்பி எங்கே போகிறதென்று கேட்டார். எனக்கும் அது கடைசிவரை தெரியாது என்றேன்.

எங்கள் வண்டியில் இப்போது பாக்கி இருப்பது பின்புற ஸ்பிரிங் பட்டை மாற்றுவதும், படுக்கையை நீளவாக்கில் திருப்புவதும். பள்ளிப் பேருந்து வேலை தொடங்கும் முன் வரச் சொல்லி, பட்டறையில் மாசி மாதத்தில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.