பழங்கால வரி: அர்த்தசாஸ்திரமா, கல்வெட்டா?

பழங்கால இந்தியாவில் அரசுகள் எப்படி வரி வாங்கின என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் எடுப்பது கௌடில்யர் பெயரில் வழங்கும் ஆட்சி நூலான அர்த்தசாஸ்திரத்தைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆனால் இப்போது யார் கேட்டாலும் கல்வெட்டைப் பிடியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அர்த்தசாஸ்திரத்தின் விரிவை மறுக்க முடியாது. சுரங்கம், காடு, சுங்கம் எல்லாம் இருக்கிறது, பாசனத் தண்ணீருக்குக்கூட கையால் இறைத்தால் ஐந்தில் ஒரு பங்கு, தோளில் சுமந்து ஊற்றினால் நான்கில் ஒரு பங்கு என்று கணக்கு உண்டு. சரி, இதை யாராவது வாங்கினார்களா, எந்த ஊரில்? அதற்கு அந்த நூலில் பதில் கிடையாது. எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு கேள்விதான்.

லும்பினித் தூணைப் பாருங்கள். அசோகர் பட்டம் ஏறி 20 ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே வந்து, புத்தர் பிறந்த ஊர் என்பதால் பலி என்ற வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்கிறார். மன்னர், ஊர், விகிதம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்களின் நாசிக் சாசனங்களில் தானம் கொடுத்த நிலத்துக்குள் படையாட்கள் நுழையக் கூடாது, உப்புக்காகத் தோண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது, அப்படியென்றால் மற்ற நிலங்களில் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

கல்வெட்டிலும் குறை உண்டு. பெரும்பாலும் தள்ளுபடியும் தானமும்தான் பதிவாகியிருக்கும், எழுதச் சொன்னதும் மன்னர்தான், அதனால் ஒரு தூணை வைத்து நாடு முழுவதற்கும் விகிதம் சொல்ல நான் துணிய மாட்டேன்.

இரண்டையும் படிப்பதாக இருந்தால் குஜராத்தில் உள்ள கிர்நார் பாறைக் கல்வெட்டில் தொடங்குங்கள். பொ.ஆ. 150 வாக்கில் அங்கிருந்த சுதர்சன ஏரியின் கரை 420 முழ நீளம், அதே அகலம், 75 முழ ஆழத்துக்கு உடைந்துபோகிறது, அமைச்சர்களே திரும்பக் கட்ட வேண்டாம் என்கிறார்கள், சக மன்னர் ருத்ரதாமன் தன் கருவூலப் பணத்தில் கட்டிவிட்டு, நகரத்தாரையும் நாட்டாரையும் கரம் (வரி), விஷ்டி (கூலியில்லா வேலை), பிரணயம் என்று எதாலும் வருத்தவில்லை என்று பெருமையோடு பொறிக்கிறார். அப்புறம் அர்த்தசாஸ்திரத்தின் ஐந்தாம் அதிகரணத்தை (பகுதியை) திறந்தால் அந்தப் பிரணயம் என்னவென்று தெரியும்: கருவூலம் வற்றினால் நல்ல விளைச்சல் உள்ள பகுதிகளில் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கேட்கலாம், அதுவும் ஒரே ஒரு முறைதான்.