30 கிலோ மேசைத் தராசு: பெயர்த்தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்

மளிகை, காய்கறிக் கடைகளில் அதிகம் புழங்கும் 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு அரிசி, சர்க்கரை, வெங்காயத்துக்கு அருமையானது. மிளகும் ஏலக்காயும் சில்லறையாக விற்கும் கடைக்கு அது ஒன்று மட்டும் போதாது. காரணம் தராசின் பெயர்த்தகட்டிலேயே இருக்கிறது: அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், 'ஈ' எனப்படும் சரிபார்ப்புப் படி (பிழையைக் கணக்கிட அடிப்படையான எடை இடைவெளி) 5 கிராம், துல்லியத்தில் மூன்றாம் வகுப்பு (கடைத் தராசுகளின் வகுப்பு).

எடையளவுத் துறை சோதித்து முத்திரை போடும்போது 2.5 கிலோ வரை 2.5 கிராம், 10 கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 7.5 கிராம் பிழை இருக்கலாம். கடையில் ஓடும் தராசுக்கு இதில் இரு மடங்கு அனுமதி. 50 கிராம் மிளகில் 5 கிராம் என்றால் பத்தில் ஒரு பங்கு! அதனால்தான் 100 கிராமுக்குக் கீழே இதில் நிறுக்கக் கூடாது. சில்லறைச் சரக்குக்கு 1 கிராம் படியுள்ள 5 கிலோ தராசு தனியாக வேண்டும். அது 20 கிராமிலிருந்து செல்லும்.

"முப்பது கிலோ வரைக்கும் ஒரு கிராம் துல்லியம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படியென்றால் 30 கிலோவை 30,000 படியாகப் பிரிக்க வேண்டும். சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பின் ஆர் 76 பரிந்துரைப்படி மூன்றாம் வகுப்புக்கு 10,000 படிதான் உச்சம்; நம் நாட்டு விதியும் அதுதான்.

ஆன்லைனில் வாங்குவோர் கவனிக்க: தட்டுக்கடியில் எடையை உணரும் பாகமான லோட் செல் உண்மையில் உணர்வது விசையை. டெல்லியில் அளவு திருத்திய தராசைச் சென்னையில் வைத்தால், இங்கே புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதால் 10 கிலோவுக்கு ஏறக்குறைய 8 கிராம் குறைத்துக் காட்டும். விற்பவருக்குத்தான் நஷ்டம். இங்கேயே திருத்தி முத்திரை வாங்க வேண்டும்.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். நீர்மட்டக் குமிழ் நடுவில் வரும்வரை கால்களைத் திருகி, முத்திரையிட்ட இரண்டு 5 கிலோ எடைக்கற்களைத் தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். புதுத் தராசில் எந்த மூலையிலும் 5 கிராமுக்கு மேல் பிசகக் கூடாது. மூலைக்கு மூலை மாறினால் லோட் செல் வளைந்திருக்கலாம். மூட்டையைத் தொப்பென்று போடுவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். ஒன்றும் வைக்காமலே எண் ஆடினால் முதலில் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் தட்டுக்கடியில் சிக்கிய குப்பையைத் தேடுங்கள்.

டேர் பட்டன் (பெட்டியின் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கும் பட்டன்) இல்லாத தராசை இனிப்புக் கடைக்காரர்கள் தொடவே வேண்டாம். கிலோ 800 ரூபாய் இனிப்பை 40 கிராம் அட்டைப் பெட்டியோடு நிறுத்தால், வாங்குபவர் அட்டைக்கு 32 ரூபாய் கொடுக்கிறார். விலை நிகர எடைக்குத்தான்.

எலக்ட்ரானிக் தராசுக்கு முத்திரை 12 மாதம் செல்லும். அதற்குள் பழுதுக்காக சீலை அறுத்தால், மறுமுத்திரை வாங்கிய பிறகே வியாபாரத்துக்கு எடுக்கலாம்.